துர்சுனுக்குப் பதில் போன பிள்ளை

அன்பு மகன் இஸ்மத்துல்லாவுக்கு, குஜந்திலிருந்து உன் தாய் ஹமீதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் உன் தம்பி துர்சுனும் சுகம், ஆடும் கோழிகளும் சுகம், அந்த ருஷ்யர் ஊர் ஓரன்பர்க் குளிரில் நீயும் சுகமாய் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சால்வை வந்து சேர்ந்தது. நல்ல சால்வைதான், ஆனால் பெருநாளும் இல்லாமல் விசேஷமும் இல்லாமல் இவ்வளவு நல்ல சால்வை வாங்கி அனுப்புகிற பிள்ளை இல்லையே நீ என்று அன்றைக்கே நினைத்தேன். தோட்டத்தில் ஆப்ரிகாட் நன்றாகக் காய்த்தது, பாதியை வியாபாரி ஏமாற்றி வாங்கிப் போனான், மீதியைக் கூரையில் காயப்போட்டிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைப் பாதுஷாவின் சர்க்கார் நம் ஊரில் ருஷ்யப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, உனக்குத் தெரிந்திருக்கும், தெரியாததுபோல் எழுதாதே. புத்தகம் இலவசம், வாத்தியார் சம்பளமும் சர்க்கார் கொடுக்கிறதாம். கழுதைக்குக்கூட வரி வாங்குகிறவர்கள் நம் பிள்ளைக்கு ஏன் இலவசமாய்க் கொடுக்க வேண்டும்? பிள்ளைகள் தரையில் உட்காரக் கூடாதாம், பெஞ்சுதானாம். முழங்கால் மடக்கத் தெரியாமல் போனால் நாளைக்குத் தொழுகையில் எப்படி ஸஜ்தா செய்வார்கள்? சுவரில் கோடு போட்டு ஒவ்வொருவன் உயரத்தையும் அளக்கிறார்கள், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மை வராதிருக்க என்று சொல்லிக் கையில் கீறிவிட்டார்கள், அந்த வடு ஆட்டுக்குப் போடும் அடையாளம் மாதிரியே இருக்கிறது. தேநீரோடு கொடுக்கும் வெள்ளைச் சர்க்கரையை எலும்புக் கரி போட்டு வெளுக்கிறார்களாம், எந்த மிருகத்தின் எலும்போ.

தெருவுக்கு ஒரு பிள்ளை என்று உத்தரவு வந்ததும், நம் தெருப் பெரியவர் ஆலிம்பாய் தன் வீட்டில் நாலு பையன்களை வைத்துக்கொண்டு துர்சுனைக் கேட்டு என் வாசலில் வந்து நின்றார். "ஆம்பள இல்லாத வீடு, உனக்கும் சர்க்கார் தயவு வேணும்ல தங்கச்சி" என்றார். அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். பிறகு மற்ற தெருக்காரர்கள் செய்ததையே நானும் செய்தேன். தண்ணீர் சுமக்கும் ஹைத்தின் மகன் எஷ்மத்துக்கு உன் அப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டைக் கொடுத்து, துர்சுன் என்ற பெயரில் அவனை அனுப்பினேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இன்னொருவன் பெயரில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஊருக்கே தெரியும், ருஷ்யருக்கு மட்டும் தெரியாது என்று இருந்தோம்.

ஆனால் புதிதாய் ஒரு சிவப்புத் தாடி வாத்தியார் வந்தார். வந்த அன்றே எஷ்மத்தின் தொப்பியைக் கழற்றி இடது காதுக்குப் பின்னால் பார்த்தாராம், சிரித்தாராம், கையில் ஒரு சர்க்கரைக் கட்டியை வைத்து, நம் மொழியிலேயே, "நீ போயி நெசமான துர்சுன வரச்சொல்லு" என்று அனுப்பிவிட்டார். பையன் வந்து சொன்னதும் துர்சுனைக் கூப்பிட்டு அவன் காதுக்குப் பின்னால் நானே ஒருமுறை பார்த்தேன். துர்சுனுக்கு அங்கே தழும்பு இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் நாவிதர் யூல்தாஷைத்தான் சந்தேகப்பட்டேன், நம் தெருத் தலையெல்லாம் அவர் கையில்தானே. கூப்பிட்டு ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னேன். ரொட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "செரைச்ச தலையில இருக்குறதெல்லாம் வெளிய சொன்னா அப்புறம் எனக்கு எவன்க்கா தலை குடுப்பான்" என்றார். நியாயம்தான். பிறகு ஆலிம்பாய், பிறகு தண்ணீர்க்காரர், பக்கத்து வீட்டு ஸொலிஹாவைக்கூட விடவில்லை, அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. கடைசியில் எஷ்மத்தைத் திரும்பக் கூப்பிட்டு, வாத்தியார் வேறென்ன சொன்னார் என்று உலுக்கிக் கேட்டேன். "அண்ணன் தோள்லேருந்து விழுந்தவன் நீ இல்லியேன்னாரு" என்றான். மகனே, துர்சுன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தான் என்றுதான் தெருவுக்குச் சொன்னோம், உன்னை அடித்துவிடுவார் என்று உன் அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவரும் அப்படியே நம்பிக் கண் மூடினார். துர்சுனுக்கு அப்போது விவரம் தெரியாத வயது, உன் தோளிலிருந்து விழுந்தான் என்பது எனக்கும் உனக்கும்தான் தெரியும். அந்த வாத்தியார் ஓரன்பர்க்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று நேற்று கேள்விப்பட்டேன்.

வேறு வழியில்லாமல் சனிக்கிழமையிலிருந்து துர்சுன் போகிறான். நான் பர்தாவோடு எதிர்ச் சுவர் நிழலில் பள்ளி விடும்வரை உட்கார்ந்திருக்கிறேன், பெண்கள் சிரிக்கிறார்கள். அவன் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, காலையில் எனக்கு முன்னால் எழுந்து முகம் கழுவுகிறான், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நீதான் சொன்னாயா? சொன்னாய் என்றால் எனக்குக் கோபம் வரும், ஆனால் உனக்குத் தெரிந்த ஒருவரிடம்தான் தம்பியை விட்டிருக்கிறாய் என்று நான் சுவரடியை விட்டு எழுந்து வீட்டு வேலையைப் பார்ப்பேன். நீ சொல்லவில்லை என்றால், நம் வீட்டுக்குள் நடப்பது அவர்களுக்குத் தெரிகிறது என்று அர்த்தம், அன்றைக்கே அவனை மலையிலிருக்கும் உன் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், சர்க்கார் என்னை என்ன செய்தாலும் சரி. பதிலை இந்தக் கடிதம் கொண்டுவரும் ரஹ்மத்ஜானிடமே கொடுத்தனுப்பு, தபாலில் போடாதே, தபாலும் சர்க்காருடையதுதான்.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பெண்ணும் தரட்டும். மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், ஆட்டுக்கொழுப்பு சாப்பிடு. உண்மை எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். பொய் மட்டும் எழுதாதே மகனே, உனக்காக உன் அப்பாவிடம் நான் சொன்ன பொய்யே இந்த வீட்டுக்குப் போதும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
உன் தாய் ஹமீதா