நோன்புக்காரியின் மூக்கு

3 மே 1954, திங்கள்

கொழுந்தன் அப்பாஸ் இன்றும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "இது என் கைக்கலவை" என்று எஸ்டேட் ஃபாக்டரியின் டீ மேக்கர் அய்யாவிடம் அளந்துகொண்டிருந்தான். கதவுக்கு இந்தப் பக்கம் அம்மிக்கல்லின் அடியில் அழுத்திவைத்திருந்த அதே பைப்புப் புகையிலையை எடுத்து நான் உதிர்த்துக்கொண்டிருந்தேன். அவன் கைக்கலவையாம்! குண்டூர் மஞ்சள் இலைக்கும் பொள்ளாச்சிக் கருப்பு இலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நிறத்தைச் சொல்வான். அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது.

என் வீட்டுக்காரர் மவுத்தாகி இரண்டு வருஷம். அவர் இருந்தவரை பைப்பில் போட்டு இழுத்துப் பார்ப்பது அவர் வேலை, முகர்ந்து கூட்டிக் குறைப்பது என் வேலை. இப்போது இழுக்க ஆளில்லை. சாம்பிராணிச் சட்டிக் கனலில் ஒரு சிட்டிகை போட்டு, குனிந்து புகையை முகர்கிறேன். டப்பாவைத் திறந்தால் வரும் மணம் வேறு, எரியும்போது வரும் மணம் வேறு. டாக்டருக்கு ஏலத் தொலி. டீ மேக்கருக்கு ரம்மும் தேனும். சின்ன துரைக்கு உலர்ந்த அத்தி ஊறிய பாகு. ஒருத்தருக்குப் பிடித்தது இன்னொருத்தருக்குக் குமட்டும். எல்லாவற்றுக்கும் பெயர் மட்டும் 'அப்பாஸ் மிக்சர்'. சீமைப் புகையிலை டின் வரத்து குறைந்ததிலிருந்து எஸ்டேட் துரைமார் நம் கடையை விட்டால் கதியில்லை என்று இருக்கிறார்கள். பெருமை முழுக்க என் கொழுந்தனுக்கு.

கடைக் குத்தகை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஜூனில் மாற்றி எழுத வேண்டும். புதிதாக வந்திருக்கும் பெரிய துரை யார் பெயரை எழுதுகிறாரோ அவருக்குக் கடை. அப்பாஸ் தன் பெயருக்கு மனு கொடுத்துவிட்டானாம். எனக்குச் சொன்னது துரை பங்களா பட்லர் செபாஸ்டின். என் வீட்டுச் சங்கதி எனக்கு ஊரான் வாயால் வருகிறது.

4 மே

நேராகவே கேட்டேன். மழுப்பக்கூட இல்லை.

"ஆமா மச்சி, எழுதிக் குடுத்தேன். பொம்பள பேருக்குக் குடுப்பாங்களா? பெருநாள் கழிஞ்சதும் நீங்க கொல்லங்கோட்டுக்கு உங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிருங்க. என்னால ஆனத அனுப்பறேன்."

என் கடையிலிருந்து எனக்குப் பிச்சை! அண்ணன் வீட்டில் அண்ணியின் முகம் எப்போது மலரும், எப்போது சுளிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சோறு தின்ன வேண்டும். போக மாட்டேன். என் மய்யித்துதான் இந்தக் கடையை விட்டுப் போகும்.

பிறை தெரிந்துவிட்டது. நாளை முதல் நோன்பு.

12 மே, எட்டாம் நோன்பு

அவன் இன்று மூணாறு போயிருந்தான். நாள் முழுக்க அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

19 மே, பதினைந்தாம் நோன்பு

பகல் பதினொரு மணி இருக்கும், உள்ளே வந்து நின்றான். "பெரிய தொரைக்கு இன்னிக்கு சாயங்காலமே ஒரு டப்பா வேணும் மச்சி. நல்லா கமகமன்னு போட்டுக் குடுங்க."

துரை எப்படிப்பட்டவர், முன்பு என்ன பிடித்தார் என்று கேட்டேன். "துரைன்னா துரைதான், அதுல என்ன கெடக்கு?" என்றான். மடையன்.

கனலில் போட்டுப் பார்க்க வழியில்லை. வேண்டுமென்றே புகையை உள்ளே இழுத்தால் நோன்பு முறியும். நோன்பு திறந்தபின் பார்க்கலாமென்றால் கஞ்சியின் பூண்டும் இஞ்சியும் மூக்கை அடைத்துக்கொள்ளும். அவனும் அதுவரை நிற்க மாட்டான். வெறும் மணத்தை நம்பியே கலந்தேன். மஞ்சள் இலை தூக்கலாக, பேரீச்சைப் பாகு தெளித்து, மேலே கொஞ்சம் வெனிலா எசென்ஸ். டப்பாவை மூடவே மனசில்லை, அப்படி மணந்தது.

அவனுக்காக ஏன் கலந்தேன்? அவனுக்காக இல்லை. துரைக்குப் பிடித்தால், யார் கலந்தது என்று செபாஸ்டினிடம் சொல்லி அனுப்புவேன். அதற்காகத்தான்.

22 மே, பதினெட்டாம் நோன்பு

டப்பா திரும்பி வந்துவிட்டது. பின்வாசலில் செபாஸ்டின் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"எக்கா, கோவிச்சுக்கிடாதிய. துரை ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வச்சிட்டாரு. அல்வாவுக்குத் தீ வச்ச மாதிரி இருக்குன்னு சொல்லுதாரு."

அவனை உட்காரவைத்து, முன்பே கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் இப்போது கேட்டேன். டீயில் சீனி போடுவாரா? "சீனியா? பாலுகூட ஊத்த மாட்டாரு. கசப்பா இருக்கணும்." ரொட்டிக்கு என்ன தொட்டுக்கொள்வார்? "ஆரஞ்சுத் தோல் கெடக்குமே, அந்தக் கசப்பு ஜாமு." பைப்பை எப்படி இழுப்பார்? "ரயில் எஞ்சின்தான். ஒரு நிமிசம் விட மாட்டாரு. பொறவு நாக்கு வெந்துபோச்சுன்னு உப்புத் தண்ணி கேப்பாரு."

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். வேகமாக இழுக்கிறவருக்கு மஞ்சள் இலை நாக்கைச் சுடும். பாகு அதை இன்னும் கொதிக்கவைக்கும். கசப்பில் வாழ்கிற மனுஷனுக்குப் பேரீச்சையைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பதினைந்து நாள் பட்டினி கிடந்த மூக்குக்கு இனிப்பைத் தவிர வேறென்ன பிடிக்கும்? துரைக்கு வேண்டியதையா கலந்தேன்? என் பசிக்கு வேண்டியதைக் கலந்திருக்கிறேன்.

இன்னும் கேள், ஹவ்வா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்பாஸ் துரையிடம் என்ன சொன்னானாம்? "அண்ணன் பொண்டாட்டி கை வச்சுக் கெடுத்துட்டாங்க" என்றானாம். நன்றாக இருந்தால் அவன் கை, கெட்டுப்போனால் என் கை. துரோகி!

31ஆம் தேதி துரை கடைக்கே வருகிறார். அவர் கண்ணெதிரில் கலந்து கொடுக்க வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் மூணாற்றுக்கார வியாபாரி ஒருவருக்குக் கடையைக் கொடுத்துவிடுவார்.

24 மே

"ஒரு பொட்டலம் கலந்து வச்சிருங்க மச்சி. துரை வந்தா கலக்குற மாதிரி காட்டி அத எடுத்துக் குடுத்துக்கறேன்."

"உன் கைக்கலவைதானே? உன் கையாலேயே கலந்துக்கோ."

"வெளையாடாதீங்க. கடை போனா உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"உனக்குக் கெடச்சாலும் எனக்கு இல்ல. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பல்லைக் கடித்துக்கொண்டு போனான். இந்த நோன்பு மாசத்தில் இவ்வளவு சந்தோஷம் இன்றுதான்.

30 மே

மழை. இலையெல்லாம் நமுத்துக் கிடக்கிறது. எனக்கென்ன? அவன் பாடு.

31 மே, இருபத்தேழாம் நோன்பு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். நாளைக்கு இதையே நாலு விதமாகச் சொல்வார்கள்.

மூன்று மணிக்குத் துரை வந்தார். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். கூடச் செபாஸ்டின். லயத்துக் கூலியாட்கள் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நான் கதவுத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன், அப்பாஸ் அவமானப்படுவதை ஆற அமரப் பார்க்கலாமென்று. பொய் சொல்லவில்லை, அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

அவன் மஞ்சள் இலையை அள்ளிப் போட்டான். வெனிலா பாட்டிலைக் கவிழ்த்தான். துரை பற்றவைத்து நாலு இழுப்பு இழுத்தார், நாக்கை வெளியே நீட்டினார், பைப்பைத் தட்டிக் கொட்டிவிட்டுத் திரும்பினார். அப்பாஸ், "சார், சார்" என்று பின்னாலேயே ஓடினான்.

எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. துரையின் முதுகைப் பார்த்ததும் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ரெண்டும் ஒன்றுதான் என்று அவனிடம் வீம்புக்குச் சொன்னேன். ஒன்றாவது! அந்த ஆள் படி இறங்கினால் என் வீட்டுக்காரரும் நானும் பதினெட்டு வருஷம் இருந்த இடத்தில் எவனோ ஒருத்தன் உட்காருவான், நான் அண்ணியின் அடுப்படியில் உட்காருவேன்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன். "செபாஸ்டின், நிக்கச் சொல்லு" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

கருப்பு இலை முக்கால் பங்கு, மஞ்சள் கால் பங்கு. கத்தி படாமல், மெதுவாக எரியட்டுமென்று கையாலேயே பெரிது பெரிதாகக் கிள்ளிப் போட்டேன். பாகு கிடையாது. உலர்ந்த ஆரஞ்சுத் தோலைப் பொடித்துத் தூவினேன். டப்பா மணத்தை நம்பி ஒரு முறை கெட்டது போதாதா? சாம்பிராணிச் சட்டியை இழுத்துவைத்து ஒரு சிட்டிகையைக் கனலில் போட்டேன். குனிந்தேன்.

"மச்சி! நோன்பு!" என்று கத்தினான் அப்பாஸ்.

தெரியும். இருபத்தேழாம் நோன்பு என்றும் தெரியும். நெஞ்சு நிறைய இழுத்தேன். தோல் தூக்கலாக இருந்தது, தொண்டையில் பிடித்தது. கருப்பு இலை இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி போட்டு மறுபடி இழுத்தேன். முதல் மூச்சிலேயே நோன்பு போய்விட்டது, இரண்டாவதைத் தடுத்து என்ன? இந்த முறை சரியாக இருந்தது.

துரை பைப்பை நிரப்பிக்கொண்டு நம் பெஞ்சில் உட்கார்ந்தார். மழையைப் பார்த்துக்கொண்டு ஒரு பைப்பு முழுவதையும் இழுத்து முடித்தார். உப்புத் தண்ணீர் கேட்கவில்லை. பிறகு தன் எஸ்டேட் தமிழில், "இது யார் கை?" என்றார்.

"என் கை" என்றேன். அப்பாஸ் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு முறை சொன்னேன்.

2 ஜூன்

ஊர் பூராவும் அவன் வாய்தான். பள்ளிவாசலில் நின்று, "எங்க மச்சி நோன்பை வித்துட்டாங்க" என்றானாம். அங்கே தொழவைக்கும் ஹஜ்ரத்தின் தீர்ப்பும் வந்துவிட்டது. வேண்டுமென்றே முறித்ததற்கு, முறிந்த நோன்பையும் வைத்து, மேலே அறுபது நாள் விடாமல் நோன்பு இருக்க வேண்டும், நடுவில் ஒன்று விட்டாலும் முதலிலிருந்து. அப்பாஸ்தான் போய்த் தீர்ப்புக் கேட்டுவந்தவன். வாசலில் நின்று அறுபது, அறுபது என்று இரண்டு முறை சொன்னான், எனக்குக் காது கேட்காதது மாதிரி.

இருக்கிறேன். அல்லாஹ்வுக்குத் தர வேண்டியதை அல்லாஹ்வுக்குத் தருவேன். இவனுக்குத் தர ஒன்றும் இல்லை. பெருநாளன்று நோன்பு கூடாது; இந்தப் பெருநாள் கழிந்த மறுநாளே தொடங்கினால்தான் பக்ரீதுக்கு முன் முடியும்.

அழுதேன். எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். இருபத்தேழாவது நோன்பில், நாற்பத்தொன்பது வயசில்— அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எனக்குத் தெரியவில்லை.

4 ஜூன், பெருநாள்

யாரும் வரவில்லை. செபாஸ்டின் மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தான்.

19 ஜூன்

குத்தகைச் சீட்டு வந்தது. ஹவ்வா பீவி. மூன்று தடவை படித்தேன்.

அப்பாஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மூணாற்றுக்குப் போய்விட்டான், அங்கே பஜாரில் ஒரு புகையிலைக் கடை போடுவானாம். "பார்க்கலாம் மச்சி, எத்தனை நாளைக்குன்னு" என்றான். பார்ப்போம் என்றேன் நானும்.

12 ஜூலை, முப்பத்தெட்டாம் நாள்

பகல் ஒரு மணிக்கு ஜீப்பிலிருந்து அப்பாஸ் இறங்கினான். நனைந்த கோழி மாதிரி இருந்தான். கையில் ஒரு பொட்டலம். மூணாற்றில் யாரோ ஒரு துரை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டாராம், மூன்றாவது முறையும் சரியில்லை என்றால் கடை நிற்காதாம்.

"ஒரே ஒரு தடவ கனல்ல போட்டு மோந்து பாத்துச் சொல்லுங்க மச்சி. ஜீப்பு இப்பவே திரும்பிரும்."

"நான் நோன்பு" என்றேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"மக்ரிபுல நோன்பு திறந்ததுக்கு அப்புறம் பார்க்கலாம். பார்ப்பேன்னு சொல்லல. பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, டீ மேக்கருக்குப் பொட்டலம் கட்டப் போனேன். ஜீப் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது. அவன் போகவில்லை. வெளியே பெஞ்சில், சாரல் அடிக்கிற ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். மக்ரிபுக்கு முந்தின அஸர் தொழுகைக்கே இன்னும் பாங்கு சொல்லவில்லை.