அடி மண்

மாசி 12, ஞாயிறு. இரவு.

கொழுந்தனாரும் அவர் பெண்டாட்டி மஞ்சுவும் அந்தமான் போய்விட்டு இன்று ராசிபுரம் திரும்பினார்கள். வந்ததும் மஞ்சு கடலுக்கடியில் இறங்கிய வீடியோவை டிவியில் போட்டார்கள். முதுகில் சிலிண்டர், சுற்றிலும் பவளப்பாறை, மஞ்சளும் நீலமுமாக மீன்கள். முழங்கால் தண்ணீரில் நிற்கவே பயப்படுகிறவள் அவள். பின்னால் ஒருவன் சிலிண்டரைப் பிடித்தபடியே வந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன்.

மாமியார் வாயைப் பிளந்தார். "ஏஞ்சாமி, நம்மூட்ல ஆருக்கு இந்தத் தகிரியம் வரும்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "அடி மண் எடுத்தாந்தியா?" என்று மஞ்சுவைக் கேட்டுவிட்டேன். நான் பிறந்த வெண்ணந்தூரில் எங்கள் கிணற்றில் அடி மண்ணை அள்ளி வந்து காட்டினால்தான் முங்கியதாகவே ஒப்புக்கொள்வார்கள். பெண்பிள்ளைகளில் நான் ஒருத்திதான் காட்டியிருக்கிறேன்.

"அங்க எதையும் தொடக்கூடாதுங்கக்கா" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்புறம் சமையலறைக்கு வந்து காதோடு சொன்னாள். "ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கக்கா. பயத்துல கண்ணையே தொறக்கலீங்க. மீனெல்லாம் இப்ப டிவியில பாக்கறதுதான்."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டிருந்தவளுக்கா அத்தனை மீனும் என்று இன்னும் வயிறு எரிகிறது.

இப்போது மூச்சை அடக்கிப் பார்த்தேன். அந்த நாளில் கிணற்றுக்குள் எண்பது வரை எண்ணுவேன். இன்று முப்பதோடு சரி.