உன் பெயரில் வலித்த வயிறு

இன்று காலை தொழிற்சாலை பஸ்ஸில், டிரைவர் அங்கிள் தம் இருக்கைக்குப் பின்னால் புதிதாக மணத்துக்காக ஒரு கட்டு பாண்டான் இலை தொங்கவிட்டிருந்தார். அந்த வாசனை பட்டதும் என் வயிறு பக்கத்து இருக்கையில் உன்னைத் தேடியது. மூளைக்கு அதன் பிறகுதான் தகவல் வந்தது.

கோத்தா திங்கியிலிருந்து பாசிர் கூடாங் வரும் சாலையில் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள்தான். குடல் அழற்சிக்காரனான எனக்கு அநேகமாக எல்லா மரத்தடியும் பழக்கம். ஆனால் பஸ்ஸை நிறுத்தியது எப்போதும் நீ. என் நெற்றி வியர்த்தால் போதும், பக்கத்திலிருந்து குரல் கொடுப்பாய்: “அங்கிள், ஓரமா நிறுத்துங்க லா. எனக்கு முடியல.”

“நேத்து எத்தன பாக்கெட் நாசி லெமாக் சோறு அடிச்சடா?” என்று யாராவது கேட்பார்கள். பஸ் சிரிக்கும். உனக்குத் துணையாக நான் தண்ணீர்ப் புட்டியோடு இறங்குவேன். மரத்துக்குப் பின்னால் உட்காருவது நான். குடையை விரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது நீ. திரும்பி ஏறும்போது, நோயாளியைக் கவனித்துக் களைத்தவனின் முகம் எனக்கு நன்றாகவே வரும்.

மருத்துவர் விளக்கியபோதும் நீ கூட இருந்தாய். குடலின் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது, மூளையைக் கேட்காமலே அது வேலை பார்க்கும் என்றார். அழற்சி அந்த நரம்புகளைக் கெடுக்கும். கெட்ட நரம்புகள் அழற்சியைத் தூண்டிவிடவும் கூடும். புண் ஆறினாலும் அவசரம் ஆறாமல் போகலாம். வெளியே வந்ததும் நீ சுருக்கிச் சொன்னாய்: “உன் வயித்துக்குத் தனி யூனியன்டா. மேலிடத்தக் கேக்காது.”

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவரை ஒரு புகாரும் சொல்லாத உன் இதயம் நின்றுவிட்டது.

கருமாதியன்று அங்கிள் பஸ் கதைகளை அன்போடு சொல்லி முடித்ததும், உன் மனைவி என்னிடம் வந்தார். “அண்ணே, அவருக்கு இவ்ளோ நாளா வயித்துல கோளாறா? எங்கிட்ட சொல்லவே இல்லியே. நான் காரமா ஆக்கிப் போட்டதுதான் ஆள முடிச்சிருச்சா?”

பதில் சொல்ல வாய் திறந்தேன். யூனியன் முந்திக்கொண்டது. உன் படத்துக்கு முன்னால், துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவே, கழிப்பறை எங்கே என்று கேட்டு ஓடினேன்.

வெளியே வந்தபோது உன் மனைவி துண்டோடு நின்றிருந்தார். தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது: “பஸ்ஸ நிறுத்துனது என் வயிறு, தங்கச்சி. அவன் தன் பேர்ல வாங்கிக்கிட்டான்.”

துண்டை என் கையில் வைத்தார். “அப்போ என் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கிச்சா?”

“சாப்பாட்டு டப்பாவுல அவன் எனக்கு ஒரு வாய்கூட மிச்சம் வச்சதில்ல.”

புறப்படும்போது உன் குடையைக் கொடுத்தனுப்பினார்.

இன்று காலை பஸ்ஸில் இருக்கையைவிட்டு நானே எழுந்தேன். “அங்கிள், நிறுத்துங்க. எனக்குத்தான்.” யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. மரத்தடியில் உன் குடையை நானே விரித்துப் பிடித்துக்கொண்டேன். காற்றில் அதை நேராகப் பிடிப்பது இவ்வளவு சிரமம் என்று ஒரு நாளும் நீ எனக்குத் தெரியவிட்டதில்லை.