இடது தோள் கனம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா?

கம்பெனி பேண்டில் சேர்ந்திருக்கிறேன். உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம் எனக்கு. கனம் முழுக்க இடது தோளில்தான். நான் கிளம்பும்போது பாப்பா இருந்த அதே கனம், அவள் உட்காரும் அதே இடம். அடிக்குரலில் ஊதினால் நெஞ்சுக்கூடே அதிர்கிறது. எல்லோரும் கழற்றி வைத்த பிறகும் எனக்கு மனம் வராது. “அதோடயே குடும்பம் நடத்தப் போறியா?” என்கிறார் பேண்ட் மாஸ்டர்.

நேற்று ஊர்வலத்தில் கால் தடுக்கியது. தரையில் கை ஊன்றாமல், தோளில் பாப்பா இருக்கிற நினைப்பில் அவள் காலைப் பிடிக்கப் போனேன். மூக்கில் சிராய்ப்புதான், பயப்படாதே.

தோளில் மடித்துப் போட ஒரு பழைய துண்டு அனுப்பு. ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது. பாப்பாவை எடை பார்த்து எழுது. இந்த வாத்தியத்தைவிடக் கனத்துவிட்டாள் என்றால் எழுத வேண்டாம்.