நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் உன் விரல்

பக்கத்து வீட்டில் பொங்கலுக்காக மாடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். இந்தக் காலத்திலும் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பார். அந்த ஈர வாசனை சமையலறை வரைக்கும் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அரியலூரில் நாம் இரண்டு பேரும் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை நினைவுக்கு வந்தது. கூடவே என் முதுகின் நடுவே, தோள்பட்டை எலும்புகள் இரண்டுக்கும் இடையில், சில்லென்று உன் விரலும் வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எனக்கு அது பழகவில்லை.

நீ பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி டீச்சர். நான் ஓர் ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட். பிப்ரவரியில் வரும் டைப்பிங் ஹையர் தேர்வில் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஆடி மாதத்திலிருந்தே எனக்குக் கழுத்துக்குக் கீழே தீயாக எரியும். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. தைலம் தேய்த்துத் தேய்த்து அறையையே நாறடித்துக்கொண்டிருந்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நீ, ஒரு நாள் என்னைத் திருப்பி நிறுத்தி, சந்தையில் தேங்காய் பார்க்கிறவள் மாதிரி முதுகைத் தட்டிப் பார்த்தாய்.

"கழுத்துலேர்ந்து பாதி முதுகு வரைக்கும் பட்டம் மாதிரி ஒரு தசை இருக்குடி. டிரப்பீசியஸ். நீ அதுல மேல் பக்கத்தை மட்டும் வேலை வாங்குற. நடுவும் கீழயும் தூங்கிக்கிட்டு கெடக்கு" என்றாய். தைலப் புட்டியை உன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாய்.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாய். பெஞ்சில் குப்புறப் படுக்க வேண்டும். இரண்டு கையையும் தொங்கவிட்டு, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி பக்கவாட்டில் தூக்க வேண்டும். அது நடு முதுகுக்கு. பிறகு அதே கைகளைக் காதை ஒட்டிச் சாய்வாக முன்னால் தூக்க வேண்டும். அது அந்தத் தசையின் கீழ்ப் பாதிக்கு. நீ குடத்தில் கையை நனைத்துக்கொண்டு வந்து, ஒற்றை விரலை என் முதுகின் நடுவே வைப்பாய். ஈர விரலாக இருந்தால்தான் இடம் தெரியும் என்பது உன் கட்சி. "என் விரல நசுக்கு. அஞ்சு எண்ணுற வரைக்கும் விடாத" என்பாய். தோள்பட்டைகளை நெருக்கி நசுக்குவேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு வரைக்கும் ஒழுங்காக எண்ணுவாய். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் வீட்டுக்கார அம்மாவிடம் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரிப்பாய். உன்னைத் திட்டாத நாளில்லை. ஒருவழியாக ஐந்து என்று சொல்லி விரலை எடுப்பாய்.

அதற்குப் பிறகு சுவர். முதுகு, முழங்கை, புறங்கை எல்லாம் ஒட்டும்படி சுவரில் சாய்ந்து நின்று கைகளை மேலே நகர்த்த வேண்டும். மாறி மாறி நின்று நாம் நகர்த்தியதில் தலை வாரிய கையின் எண்ணெய் சுவரில் விசிறி மாதிரித் தடமாக விழுந்தது. உன் தடம் பக்கத்திலிருந்த காலண்டர் ஆணியின் மட்டத்துக்குப் போகும். என்னுடையது நாலு விரல் கீழேயே நின்றுவிடும்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வரதராஜன்பேட்டைப் பக்கம் உன் ஊருக்குக் கிளம்பினாய். என்னையும் கூப்பிட்டாய். டைப் பழக வேண்டும் என்று மறுத்தேன். இப்போதாவது சொல்லிவிடுகிறேன், அது சாக்கு. உன் வீட்டில் அத்தனை பேர் நடுவில் சாப்பிட உட்காரக் கூச்சம், அவ்வளவுதான். பஸ் படியில் நின்றுகொண்டு, "நான் இல்லேன்னு டிமிக்கி குடுக்காத. வந்து செவுத்தப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாய்.

பள்ளி திறந்தது, நீ வரவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூட ஆயா வந்து நின்றாள். விஷக் காய்ச்சல், நாலே நாள், அடக்கமும் முடிந்துவிட்டது என்றாள். ஒரு கை மண் போடக்கூட நான் அங்கே இல்லை.

அந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கார அம்மா அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். நம் தடமெல்லாம் மறைந்து சுவர் வெள்ளையாக நின்றது. நீ சொல்லிவிட்டுப் போனதால் நான் பெஞ்சுப் பயிற்சியையும் விடவில்லை, சுவரையும் விடவில்லை. பெஞ்சில் குப்புறப் படுத்தேன், கையைத் தூக்கினேன். ஈர விரல் வந்து நடு முதுகில் உட்கார்ந்தது. பழக்கதோஷம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பெருக்கும்போது நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். புதுச் சுண்ணாம்பில் விசிறித் தடம் விழுந்திருந்தது. அதன் நுனி காலண்டர் ஆணியின் மட்டத்தில் இருந்தது. துடைப்பம் கையிலிருந்து விழுந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த வீட்டுக்கார அம்மாவும் பார்த்தார். நாம் போட்டி போட்டு நின்றதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தவர்தானே அவர்.

"அந்தப் புள்ள போவலம்மா. வூட்டுக்குள்ளதான் இருக்கு" என்று மெல்லச் சொன்னார். வேறு இடம் பார்த்துக்கொள்ளவும் சொன்னார்.

அன்றோடு பெஞ்சை மூலையில் சாத்திவிட்டேன். அந்தச் சுவருக்கு முதுகு காட்டவே பயம். பத்தே நாளில் கழுத்தில் பழைய தீ திரும்பி வந்தது. பழகுகிற தாளில் பாதியிலேயே வலது கை நின்றுவிடும். தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். உன் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து ஒரு பழைய கார்பன் தாளைக் கொண்டு வந்தேன். விரல் நுனியின் பின்பக்கத்தில் எல்லாம் நீலம் அப்பும்படி தேய்த்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து, வலிக்க வலிக்கக் கையை மேலே நகர்த்தினேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். நீலப் புள்ளிகள் ஆணியின் மட்டத்தில் வரிசையாக இருந்தன.

அது என் கை. சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறவளுக்குத் தன் கை எங்கே போகிறது என்று தெரியாது. இத்தனை மாதமும் உன் தடம் மேலே இருந்ததால், என் தடம் ஏறிக்கொண்டே வந்தது கண்ணில் படவேயில்லை. கூன் நிமிர்ந்து நான் உன் உயரத்துக்குத் தொட்டிருக்கிறேன். அதைச் சொல்ல நீ இல்லை. நீ போனதற்கு அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன்.

தேர்வில் தேறினேன், வேலை நிலைத்தது. பெரம்பலூர், உடையார்பாளையம் என்று மாற்றலாகி மாற்றலாகி ரிட்டயரும் ஆகிவிட்டேன். இந்த வயதில் இப்படி நிமிர்ந்து நடக்கிறீர்களே என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள்.

சுவரில் இருந்தது என் கை என்பது எனக்கு விளங்கிவிட்டது. முதுகில் இருக்கும் விரல்தான் இதுவரை விளங்கவில்லை. இந்த வீட்டில் குடமே கிடையாது. ஆனாலும் தினமும் காலையில் குப்புறப் படுத்துக் கையைத் தூக்கினால் அது ஈரமாக வந்து உட்காருகிறது. முன்பெல்லாம் பயப்படுவேன். இப்போது வேறு மாதிரி. ஐந்து என்று சொன்னதும் நீ விரலை எடுத்துவிடுவாய் அல்லவா? அதனால் கை கடுக்கக் கடுக்க, ஐந்தைச் சொல்லாமல் நாலிலேயே நிற்கிறேன்.