அம்மா, நீ எழுதாத சீட்டு

என் செல்ல முதலாளி அம்மாவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. வாழ்நாள் முழுக்கப் பை தைத்தவள், கடைசியில் ஒரு ‘பை’ கூடச் சொல்லாமல் போய்விட்டாய். இந்த ஜோக்கை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. நீ ஒருத்திதான் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் அடிப்பாய்.

இந்தக் கடிதத்தை நம் திருக்கழுக்குன்றம் ஷெட்டின் கதவில் ஒட்டப் போகிறேன். தைக்க வருகிற ஆறு பேரும் படிக்கட்டும். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. உன்னிடம் சொல்வதுபோல் எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

உன் வழக்கம் உனக்கே தெரியும். காலையில் துணிக்கட்டின் மேல் ஒரு துண்டுச் சீட்டைக் குத்துவாய்: என்ன பை, என்ன அளவு, எத்தனை ஜிப். முதலில் பாதித் துணியைத்தான் வெட்டுவீர்கள். அதைத் தைத்து முடித்ததும் ஆர்டர் கொடுத்தவருக்கு ஃபோன் போட்டு, “எதுனா மாத்தணும்னா இப்பவே சொல்லிடு சார்” என்பாய். அவர் கட்டாயம் ஏதாவது சொல்வார். பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுசு எழுதுவாய். மத்தியானத்துக்குள் மூன்று சீட்டு கிழிந்த நாளும் உண்டு. “அக்கா தைக்கிறதவிட கிழிக்கிறதுதான் ஜாஸ்தி” என்று செல்வி சித்தி புலம்புவார். ஷெட் ஆரம்பித்த நாளிலிருந்து உன் பக்கத்து மிஷின் அவர். ரத்த உறவில்லை, ஆனாலும் எனக்குச் சித்தி.

நீ போன பிறகு உன் கடைசிச் சீட்டைக் கிழிக்க யாருக்கும் மனசு வரவில்லை. லேப்டாப் பை, நீலம், இரண்டு ஜிப். அதையே தைத்தார்கள். “எங்க ஆளுங்க பாதிப் பேர் வீட்லேர்ந்துதான் வேலை பாக்குறாங்க, இனிமே வேணாம்” என்று அதை ஆர்டர் கொடுத்த ஐ.டி. ஆபீஸில் சொன்ன பிறகும் தைத்தார்கள். அலமாரி நிறைந்து, பைகள் உன் நாற்காலியிலும் ஏறி உட்கார்ந்தன.

ஒருநாள் தேவா அண்ணன் வந்தார். மாமல்லபுரம் கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுத்தருகிறாரே, அவர்தான். நீ இருக்கும்போதே கேட்டிருந்தாராம்.

“யக்கா, எங்கிட்ட கத்துக்க வர்றவங்க நனைஞ்ச துணிய கையில புடிச்சிகினு போறாங்க. அத்த போட்டுக்க ஒரு நாப்பது பை தைச்சிக் குடேன்.”

“எங்க அக்கா சீட்டுல அது இல்லியேப்பா” என்றார் சித்தி.

“அவங்களே இல்லியே யக்கா!”

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். சித்தி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ரேங்க் கார்டில் உன் கையெழுத்தைப் போட்டவள் நான். (ஆமாம், எல்லாத் தேர்வுக்கும். அந்த அடியைப் பாக்கி வை.) உன் எழுத்தின் சாய்வு, நீ சுழிக்கிற ‘ஜ’ எல்லாம் எனக்கு அத்துப்படி. “ஈரத்துணிப் பை. உள்ளே ரெக்சின். மேலே ஜிப். தேவாவுக்கு” என்று எழுதி, நூல் சுற்றுகிற பாபின் டப்பாவுக்கு அடியில் சொருகினேன்.

மறுநாள் அது சித்தியின் கையில் அகப்பட்டது. படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். “பாத்தீங்களாடி, அக்கா எழுதி வச்சிட்டுத்தான் போயிருக்காங்க!” சிரிப்பதற்காக நான் பின்பக்கம் ஓடினேன். சிரிப்பு வரவில்லை.

நாற்பது பையும் ஒரே வாரத்தில் போயின. நான் ஊரையே ஏமாற்றிய கெட்டிக்காரி மாதிரி நடந்தேன். அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

இன்னும் எண்பது வேண்டும் என்றார் தேவா அண்ணன். துணி ரோல் முழுவதையும் வெட்டித் தைத்தார்கள். பாதியில் யாரும் ஃபோன் போடவில்லை. அக்காவே எழுதி வைத்திருக்கும்போது யாரைக் கேட்க வேண்டும்? பைகளை எடுக்க வந்தவர் ஜிப்பைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா யக்கா, போன தபா குடுத்த பையில ஜிப்பு உப்புத் தண்ணி பட்டு துரு புடிச்சி கீது. தொறக்கவே முடியல. ஜிப் வாணாம், நாடா போட்டு இழுக்கிற மாதிரி குடு.”

எண்பதும் எங்களிடமே தங்கிவிட்டன. “அக்கா தப்பா எழுத மாட்டாங்க. நான்தான் நல்ல ஜிப்பா பாத்து வாங்கல. என் கை இனிமே உதவாது” என்று சொல்லிவிட்டுப் போன சித்தி, மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை கேட்டிருக்கிறாராம். சித்திரம் மாதிரித் தைக்கிற உன் செல்வி, பிசிறு வெட்ட!

நீ எழுதியிருந்தாலும் ஜிப் என்றுதான் எழுதியிருப்பாயோ? இருக்கலாம். ஆனால் பாதியில் கேட்டிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“இன்னாடி மகி, வாலு இந்தப் பக்கம் ஆடுது?”

“சித்தி, அந்தச் சீட்ட அம்மா எழுதல. நான் எழுதுனேன்.”

“வெளையாடாதடி.”

காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்னால் உன் எழுத்தில் அவர் பெயரை எழுதிக் காட்டினேன். தாளை வாங்கி, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“அந்தச் சீட்ட பர்ஸ்ல வச்சிருந்தேன்டி” என்றார். “தெனம் எடுத்துப் படிச்சிகினு இருந்தேன்.”



திங்கட்கிழமை வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மிஷின் உறையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: “இன்னிக்கு இன்னா தைக்கணும்? சீட்டு கீட்டு வாணாம். வாயால சொல்லு.”

“தெரியல சித்தி. தேவா அண்ணனத்தான் கேக்கணும்.”

“அப்ப கேளு. என் எதிர்ல நின்னு கேளு.”

கேட்டேன். சித்தி எதிரிலேயே நின்று தேவா அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். நாடா எவ்வளவு நீளம், முடிச்சு எந்தப் பக்கம், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் பத்து தைத்துக் கொடுங்கள், கடலில் நனைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். சித்தி கத்தரியை எடுத்தார்.

அதற்குப் பிறகு வேலை தவிர வேறொரு வார்த்தை அவர் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்கிறார். மற்ற ஐந்து பேர் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்களோ, தெரியாது.

இனி உன் கையெழுத்தைத் தொட மாட்டேன், அம்மா. எழுதினால் என் கிறுக்கலில் எழுதுவேன். தப்பு வந்தால் யாருடையது என்று படித்த உடனே தெரியட்டும். சித்தி என்னை வாய் நிறையத் திட்டுகிற நாள்வரை தினமும் காலையில் முதல் ஆளாக வந்து ஷெட்டைத் திறப்பேன்.

உனக்கு என்றும் மகள்,
சித்திக்கு இன்னும் மகள்தானா என்று கேட்கப் பயப்படுகிற
மகேஸ்வரி