நெட் சென்டரில் பார்த்த அலை

செவ்வாய்க்கிழமை, இரவு.

காலேஜ் விட்டதும் காலடிப்பேட்டை நெட் சென்டருக்கு முன்பெல்லாம் சாட் செய்யத்தான் போவேன். போன வருஷம் கடல் ஊருக்குள் வந்ததிலிருந்து செய்தி பார்க்கவும் போகிறேன். நான் திரும்பும்போது குப்பமே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இன்று சாட்டில் முகம் தெரியாத ஒருவர், சென்னைக்கு மறுபடியும் அலை வருகிறது என்று எழுதியிருந்தார். செய்திகளில் தேடினேன், ஒன்றும் இல்லை. இருந்தாலும் பயந்து ஓடி வந்து சொல்லிவிட்டேன். காயவைத்த கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் மெயின் ரோட்டுக்கு ஓடினோம். பொழுது சாயும்வரை நின்றோம். அலை வரவில்லை. பக்கத்து வீட்டு செல்வி அக்காவின் கருவாட்டை நாய்கள் தின்றிருந்தன.

திட்டுவாள் என்று நினைத்தேன். "வுடுடி, கருவாடுதானே. நாளிக்கும் பாத்துகினு வந்து சொல்லு, இன்னா?" என்றாள்.

திட்டியிருந்தால் போவதையே நிறுத்தியிருப்பேன். இனி எப்படி நிறுத்துவது? போனாலும் அதில் எதை நம்புவது?

படுக்கும்முன் அம்மா கேட்டாள், "இன்னிக்கு ராவு தூங்கலாமாடி?"

"தூங்கும்மா" என்றேன்.

செருப்பைக் கழற்றாமலே படுத்திருக்கிறாள்.